ரெண்டு சாண், நாலு விரக்கடை

கும்பகோணத்து ஹெல்மெட் கடையின் கண்ணாடி மேசைமேல் மாலை வெயில் சரிந்து கிடக்கிறது. அந்த வெயிலில், பைக் ஓட்டுகிறவர்கள் சட்டைக்குள் மாட்டிக்கொள்ளும் முதுகுக் கவசங்கள் இரண்டு. மீனை விற்று முடித்த கையோடு வந்திருக்கும் சந்திரலேகா, செவுளைப் பார்ப்பதுபோல் இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். ஒன்று நண்டு ஓடு போலக் கெட்டி. மற்றது கட்டைவிரலால் அழுத்தினாலே குழைகிறது. "இது என்னத்தத் தாங்கும் தம்பி?" என்கிறாள். "ஓங்கிக் குத்திப் பாருங்கக்கா" என்கிறான் கடைக்காரன் பரணிதரன். குத்துகிறாள். சட்டென்று இறுகிக்கொள்கிறது. மெல்ல அழுத்துகிறாள், குழைகிறது. மறுபடி குத்துகிறாள். அவளுக்கே சிரிப்பு வருகிறது. "கடத்தண்ணி மாதிரில்ல இருக்கு. கைய விட்டா வழி விடுது, குப்புற விழுந்தா அறையுது." பரணிதரன் அளவு கேட்கிறான். போன மாதம் வண்டியோடு சறுக்கி விழுந்த அவள் கணவர் பக்கிரி, இதெல்லாம் எதுக்கு என்று வர மறுத்துவிட்டார். அவள் கவசத்தின்மேல் கையை விரித்து வைக்கிறாள். "இடுப்புலேர்ந்து கழுத்து வரைக்கும் ரெண்டு சாண், நாலு விரக்கடை. நேத்து மத்தியானம் குப்புறப் படுத்துத் தூங்குனாரு, அளந்துட்டேன்." இரண்டுமே அந்த அளவில் இருக்கின்றன. எதைக் கட்டுவது என்று அவன் பார்க்கிறான். தினமும் விடிவதற்கு முன் பூம்புகாரிலிருந்து அவர் பின்னால் உட்கார்ந்து வருகிறவள், கெட்டியானதை நிமிர்த்திப் பிடித்து அதில் கன்னத்தைச் சாய்க்கிறாள். உடனே எடுத்துவிடுகிறாள். அடுத்ததில் சாய்த்துக் கண்ணை மூடுகிறாள். இன்னும் எடுக்கவில்லை.