பீரோ சாவியும் பழைய ஜீப்பும்

"ஏட்டி ஜோதி, ஒன் பீரோ சாவிய போட்டாக்கூட இந்த ஜீப்பு எனக்கு ஸ்டார்ட் ஆகும்!" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார், ராஜபாளையத்து மில்லிலிருந்து ஓய்வுபெற்ற கருத்தப்பாண்டி. மடவார் வளாகத் தெருவில், ஒரு வீட்டு வாசல் வேப்பமர நிழலில், நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடி இளைத்த ஜீப் நிற்கிறது. அதை விற்கிற மைக்கேல் வீட்டுக்குள் சாவியைத் தேடி டிரங்குப் பெட்டிகளை உருட்டும் சத்தம் ஓயவில்லை. கருத்தப்பாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏறுகிறார், இறங்குகிறார், டயரை உதைக்கிறார், நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவைக்கும் குட்டைக் கம்பியை ஆட்டிப் பார்க்கிறார். "ஆகட்டும், நானே வாங்கச் சொல்லுதேன். ஆகலைன்னா பஸ் ஏறிருவோம், பொறவு ஜீப்புப் பேச்சே கூடாது" என்று முந்தானையில் முடிந்த சாவியை அவிழ்த்து நீட்டுகிறாள் அவர் மனைவி நாகஜோதி. வாங்கிக்கொண்டு ஏறி உட்காருகிறார். தேய்ந்து அகன்ற துவாரத்துக்குள் பீரோ சாவி வழுக்கி நுழைகிறது. ஒரு திருகு. ஜீப் இருமுகிறது, கரும்புகை கக்குகிறது, மரத்துக் காக்கைகள் அத்தனையும் மேற்கு மலைக்கே பறக்கின்றன; கதவு, கண்ணாடி, கருத்தப்பாண்டியின் பல்செட்டு எல்லாம் கடகடவென்று ஆடுகின்றன. வெறுங்கையோடு வாசலுக்கு ஓடிவந்த மைக்கேல் அப்படியே நிற்கிறார். புகையைக் கையால் விலக்குகிறாள் நாகஜோதி. "ஆயிருச்சு, ஒத்துக்கிடுதேன். ஆனா ஊருல எம்புட்டுப் பீரோ இருக்குன்னு யோசிச்சீகளா?"