உள்ளே ஒருவர்

மாரிகுப்பம் நூலகத்தில் வாசகர்கள் நுழையும்போது பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டுவார்கள், போகும்போது எடுத்துக்கொள்வார்கள். தங்கச் சுரங்கத்தில் இறங்கிய காலத்துப் பழக்கம்; டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே என்று கணக்கு. சுரங்கம் மூடியும் ஊர் அதை விடவில்லை. புதிதாக வேலைக்கு வந்த நேத்ரா, ஆன்லைன் பயிற்சியில் கற்றதை வைத்து அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள்.

முதல் நாள் மாலை ஹாலில் ஒருவரும் இல்லை. திரையில் மட்டும் 'உள்ளே: 1' என்றிருந்தது.

"இன்னாண்ணே, என்னை டெஸ்ட் பண்றீங்களா?" என்று உதவியாளர் சம்பங்கியை முறைத்தாள்.

"நான் அத்தத் தொடவே இல்லம்மா."

அவள் நம்பவில்லை. 'வெளியேறினார்' என்று தானே பதிந்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

"ஆளு மேல வராமயே வந்துட்டான்னு போட்டுட்டா, அப்பறம் யாரும்மா தேடுவாங்க?" என்றார் சம்பங்கி.

சாவியை அவரிடம் கொடுக்காமல் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.

காலையில் திறந்தபோது, கதவின் உட்பக்கம் முழுக்க ஈரச் சேற்றில் கைத்தடங்கள்.