துண்டில்லாத ரவுண்ட்ஸ்

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் பெரிய டாக்டர் எழுந்தருளியிருக்கிறார். ஜன்னலில் மூடுபனியாய் மஞ்சு அப்பிக் கிடக்கிறது. ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும், சந்தனம் என்கிற ஆயா ஏந்தி வரும் பேசினில் விரல் நனைத்து, அவள் தோளில் கிடக்கும் துண்டில் துடைத்துக்கொள்வது அவர் வழக்கம். தண்ணீரும் மாறாது, துண்டும் மாறாது. முதல் கட்டிலில் தொடங்கிய பூஞ்சைப் படை எந்தக் களிம்புக்கும் மசியாமல், ரவுண்ட்ஸ் போகிற அதே வரிசையில் ஐந்தாம் கட்டில்வரை வந்துவிட்டது. ஆறாவதில், ஏழாம் மாதத்திலேயே பிறந்த மூன்று பவுண்டுப் பிள்ளையோடு சின்னத்தாய் ஒடுங்கிக் கிடக்கிறாள். ஐந்தாமவளின் படையை அழுத்திப் பார்த்த டாக்டர், திரும்பாமலே கையை நீட்டுகிறார். கை காற்றில் நிற்கிறது.

“துண்டு எங்கே?”

“அடுப்புல வேகுதுய்யா. தண்ணியவும் கொட்டிட்டேன். குழாயடியில சோப்பு வச்சிருக்கேன், கழுவிட்டு வந்து பிள்ளையத் தொடுங்க.”

“ஏளா, ஒனக்கு வேலை வேணுமா வேண்டாமா?” என்று டாக்டர் பின்னாலேயே வரும் கம்பவுண்டர் பல்லைக் கடிக்கிறார். சந்தனம் ஆறாம் கட்டிலை மறித்தே நிற்கிறாள்.

“சீமையில படிச்சப்பகூட என்னை யாரும் கை கழுவச் சொன்னதில்லை,” என்கிறார் டாக்டர்.

“அதான்யா நான் சொல்லுதேன்.”

டாக்டர் பிள்ளையைப் பார்க்கிறார், பிறகு குழாயடிக்குப் போகிறார். சோப்பு நுரைக்கிறது. கம்பவுண்டர் தான் மூக்குச் சிந்திய கைக்குட்டையைப் பவ்யமாக நீட்ட, சந்தனம் அதைப் பிடுங்கிக் கொதிக்கிற அண்டாவில் போடுகிறாள். “கை சும்மா காயட்டும்யா.” இந்த மஞ்சில் எதுவும் லேசில் காயாது. எஸ்டேட்டையே காக்கவைக்கிற பெரிய டாக்டர், விரித்த ஈரக் கைகளோடு ஒரு மூன்று பவுண்டுப் பிள்ளைக்காகக் காத்து நிற்கிறார்.