நாற்பது கிராம்

மருத்துவமனைச் சாமான் அறையின் ஜன்னல் வெயில் தபால் தராசின் தட்டில் விழுந்து மின்னுகிறது. பழுதானவற்றுக்கு மாற்றாக வந்த முப்பது டேப்லெட் கணினிகள் பெட்டியோடு சுவரோரம் அடுக்கியிருக்கின்றன. அறைப் பொறுப்பாளரான என் மனைவி பழையது ஒன்றை நிறுத்துவிட்டுப் புதியதைத் தட்டில் வைக்கிறாள். முள் பழைய கோட்டை எட்டாமலே நின்றுவிடுகிறது. "நாற்பது கிராம் குறையுது தம்பி." அவற்றைக் கொண்டுவந்த கம்பெனிக்காரர் சிரிக்கிறார். "அதே மாடல்தான் மேடம், பெட்டியிலயே போட்டிருக்கு. வெங்காயமா வாங்குறீங்க, நிறுத்துப் பாக்க?" அவள் இரண்டின் பின்மூடியையும் நெம்பித் திறக்கிறாள். புதியதன் பேட்டரி மூன்றில் ஒரு பங்கு சிறியது. "சொல்லாம கொள்ளாம சுருக்கிட்டீங்க. ஆம்புலன்ஸ்ல நர்ஸுங்க பன்னிரண்டு மணி நேரம் இதை நம்பித்தான் போறாங்க. நடுவழியில அணைஞ்சா, நோயாளிக்கு எந்த மருந்து ஆகாதுன்னு உங்க பெட்டியைப் பாத்தா தெரிஞ்சுக்குவாங்க?" அவருடைய சிரிப்பு வற்றுகிறது. கையெழுத்துக்காக நீட்டிய தாளை அவரே மடித்துப் பைக்குள் வைக்கிறார். "திருப்பி எடுத்துக்கிறேன் மேடம்." "பழைய பேட்டரியோட கொண்டாங்க, உடனே போடறேன் கையெழுத்து." முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், சாப்பாட்டுத் தூக்குடன் வாசலை மறித்து நிற்கும் என்னைப் பார்க்கிறார். "சார் யாரு?" "நான் அவங்க வீட்டுக்காரர்," என்கிறேன், தேவையைவிடக் கொஞ்சம் உரக்கவே.