ஒரு கதவில் இரண்டு பூட்டு

அப்பா காலமானதும் அண்ணனும் தம்பியும் பூர்வீக வீட்டின் ஒரே கதவில் ஆளுக்கொரு பூட்டைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள்.

"வீடு முழுக்க எங்காளுக்குத்தான்" என்றது அண்ணன் பூட்டு.

"பாதி எங்களுக்கு. நான் விடாம நீ திறந்துருவியா?" என்றது தம்பி பூட்டு.

கதவடியில் வந்து நின்ற கரையான் பணிவாகக் கேட்டது: "ஐயா, நான் யார் பாதியிலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

"அவன் பாதியிலேர்ந்து!" என்றன இரண்டும். அன்றுதான் அவை முதன்முறையாக ஒத்துப்போயின.

கரையான் இருவர் பேச்சையும் தட்டவில்லை.

அடுத்த மழையில் கதவு நிலையோடு சரிந்தது. தெரு ஆடுகளெல்லாம் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன.

சேற்றில் கிடந்த அண்ணன் பூட்டு நிமிர்ந்து சொன்னது: "பார்த்தியா, கடைசி வரைக்கும் நான் திறக்கலை."

"நான் மட்டும் திறந்தேனா?" என்றது தம்பி பூட்டு.