பத்து வருடமாகப் பதினான்கு

அடுத்த மாதம் அரசு விருது வாங்கவிருந்த நாதஸ்வர வித்துவான் சிங்காரவடிவேலுக்குக் கண் மருத்துவமனையே முந்திக்கொண்டு பாராட்டு விழா எடுத்தது. கண்ணழுத்த நோய்க்காக அவர் கண்ணில் பொருத்திய நுண்குழாய், நொடிக்கு நொடி அழுத்தத்தை அளந்து அனுப்பும். மேடைத் திரையில் பத்து வருடக் கோடு ஆடாமல் அசையாமல் பதினான்கில் நின்றது; இருபத்தொன்றைத் தாண்டினால்தான் கண்ணுக்கு ஆபத்து.

"உலக சாதனை!" என்றார் அறுவைசிகிச்சை செய்த டாக்டர் மகரபூஷணம். "தம் கட்டி ஊதுனா யாருக்கும் அழுத்தம் ஏறும். ஐயாவுக்கு ஒரு கச்சேரியில கூட ஏறல!"

முன்வரிசையிலிருந்து அவருடைய தவில்காரர் கோதண்டம் எழுந்தார்.

"அதான் அண்ணனுக்கு வேர்க்கவே வேர்க்காதா! சீவாளிய வாயில வச்சுக்கிட்டு பத்து வருஷமா ரெக்கார்டுதான் ஓடுச்சா?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. வித்துவான் அசரவில்லை.

"யாரப் பாத்துடா கேக்குற? இப்பப் பாரு!"

நாதஸ்வரத்தை எடுத்து, பத்து வருடத்தில் முதன்முறையாக, உண்மையாகவே ஊதினார். சுருதி எங்கோ போனது. ஆனால் திரையில் பதினெட்டு, இருபது, இருபத்துநான்கு. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வித்துவான் கன்னம் உப்ப இன்னும் ஓங்கினார்.

டாக்டர் ஓடிப்போய்த் திரையின் மின்கம்பியைப் பிடுங்கினார்.