நேர்ந்துவிட்ட சேவல்

சேவலின் இறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தான் சன்னாசி.

மழை பிடித்துக்கொண்டதால் ரப்பர் தோட்டத்துப் புல்வெட்டு ஆட்களை மதியமே அனுப்பிவிட்டார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லயத்து வீட்டுக்கு ஓடிவந்த மங்கம்மா, பின்கதவு வழியாக இதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வளர்த்த பாசம் மனுஷனுக்கு ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அந்தக் கருஞ்சேவல் லேசுப்பட்ட சேவல் இல்லை. முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்டது. புருஷனுக்கு மூச்சிழுப்பு நின்றால் இதை உனக்கு வெட்டுகிறேன் என்று, குஞ்சாக இருக்கும்போதே சாமி முன்னால் வைத்து வேண்டிக்கொண்டவள் அவள்தான். சாமி சொத்தை முசாங் பூனை தூக்கிப்போனால் யார் பதில் சொல்வது? பொழுது சாய்ந்தால் போதும், பஞ்சாரத்தைப் போட்டு மூடி, சன்னாசி படுக்கும் பலகைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

சேவல் கொழுத்தது. இழுப்பும் கொழுத்தது.

இழுப்பு நிற்காமல் சேவலை வெட்ட முடியாது. சேவல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறவரை இழுப்பு நிற்காது. இந்தக் கூத்து அவளுக்குத் தெரிந்தால்தானே. ராத்திரியெல்லாம் அவன் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவிப்பான். இவள் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டே முனியாண்டியைத் திட்டுவாள். விடிந்தால் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க அவனுக்குத் தெம்பு இருக்காது.

ரப்பர் விலை விழுந்துகிடந்த நேரம் அது. வேலைக்கு ஆகாதவர்களைத் துரை பொறுக்கி எடுத்து, திரும்ப அவரவர் ஊருக்கே கப்பலேற்றிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் வந்து எல்லார் நெஞ்சிலும் குழல் வைத்துப் பார்க்கப்போகிறார் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இவனை ஏற்றிவிட்டால் அவள் கதி என்ன? அவள் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அப்பனும் ஆத்தாளும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அதே முனியாண்டி மரத்தடியில் மஞ்சள் கயிறு கட்டிய இவனை விட்டால் அவளுக்கு நாதியில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அமிர்தலிங்கம்தான் ஒருநாள் வீட்டுக்குள் வந்து, குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். முதலில் இதை வெளியே கொண்டுபோ, இந்த இறகும் தூசியும்தான் அவன் மூச்சை அடைக்கிறது என்றார். சாமி சேவலைப் போய் இப்படிச் சொல்கிறாரே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் கொண்டுபோய் மாரியம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையில் கட்டினாள். வீட்டைக் கழுவிவிட்டாள்.

கொஞ்ச நாளிலேயே சன்னாசி குறட்டை விட்டுத் தூங்கினான். பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். தட்டட்டும், நல்லாத் தட்டட்டும் என்று மங்கம்மா சந்தோஷமாகப் படுத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் போகட்டும், நிச்சயமாகட்டும், அப்புறம் வெட்டலாம் என்று இருந்தாள்.

போன வாரம் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் வருகிற நேரம் பார்த்து. பாயை உதறினாள். போர்வையை வெந்நீரில் போட்டு அலசினாள். சாமிக்குச் சூடம் கொளுத்தினாள். ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் பிடிபடவில்லை.

இப்போது பிடிபட்டது.

பாசமாவது கீசமாவது. சன்னாசி சேவலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தான். இருமினான். நெஞ்சில் கையை வைத்து, கீச்சுச் சத்தம் வருகிறதா என்று கவனித்தான். போதவில்லை போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இறகுக்குள் முகத்தை வைத்தான்.

இந்த மனுஷன் கப்பலுக்குப் போகப் பார்க்கிறான். அவளை விட்டுவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், உயிரைப் பணயம் வைத்துப் போகப் பார்க்கிறான்.

உள்ளே போய் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான். அந்தப் பதில் அவளுக்கு வேண்டாம்.

சத்தம் காட்டாமல் மாரியம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மழை விட்டதும் சன்னாசி சேவலைக் கொண்டுவந்து கொட்டகையில் கட்டிவிட்டுப் போனான். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து, மாரியம்மா புருஷன் ராமசாமியை அரிவாளோடு வரச் சொன்னாள். முனியாண்டிக்கு அவன்தான் பூசாரி.

இழுப்பு நின்றுவிட்டதா என்று மரத்தடியில் அவன் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள். சாமி முன்னால் பொய் சொல்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் தண்ணீர் தெளித்துச் சேவலை அவளே பிடித்துக்கொடுத்தாள்.

பொழுது சாயும் நேரத்துக்குக் கறி கொதித்தது. சட்டியைப் பார்த்துவிட்டு, கருப்பு இறகு கிடந்த முற்றத்தைப் பார்த்துவிட்டு, சன்னாசி வந்து உட்கார்ந்தான்.

"இழுப்பு நின்னாத்தானே வெட்டுறேன்னு நேர்ந்த, புள்ள?" என்றான். கேட்கும்போதே அவன் நெஞ்சு கீச்சிட்டது.

"அதெல்லாம் நின்னுருச்சுங்க. சாப்பிடுங்க," என்றாள் மங்கம்மா.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான்.

ஊரில் விட்டுவந்த மூத்த பெண்டாட்டியின் கைப்பக்குவம் எப்படி என்று இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்காமல், இன்னொரு கரண்டி கறியை அள்ளி வைத்தாள்.